பாலே ரசிகரா? ருக்மிணி தேவியைத் தெரிஞ்சுக்கோங்க!
பாலே ரீல்ஸ் வந்தா ஸ்க்ரோல் பண்ணாம நின்னுடுற ஆளா நீங்க? நம்ம ருக்மிணி தேவியும் அப்படித்தான். ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் சொக்கி, அவர் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உங்க நாட்டு நடனத்தைத் தேடுங்க என்று திருப்பிவிட்டதும் பாவ்லோவாதான். அதுக்காக முழுப் புகழையும் அவருக்கே கொடுத்துடாதீங்க! சதிரைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் தேவதாசிகள். மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் சொல்லிக்கொடுத்துதான் 1935-ல் அடையாறில் மேடையேறினார். அடுத்த வருஷமே கலாக்ஷேத்ரா.

ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க. பாலே கால்விரல் நுனியில் மேலே எழும்பும். பரதம் அரைமண்டியில் தரையை நோக்கி இறங்கும். அங்கே வலைத்துணி டுட்டு, இங்கே பட்டு. முழங்கால் மடங்கினதும் முன்கொசுவம் விசிறியா விரியும் பாருங்க... தறிச் சத்தத்தில் வளர்ந்த ஆரணிக்காரங்க, அந்த மடிப்பு விழுறதை வச்சே பட்டு கனமா, லேசான்னு சொல்லிடுவாங்க!