உள்ளூராட்சியும் ஊரார் குழுக்களும்

உள்ளூராட்சி என்றதும் தேர்தலையும் தவிசாளரையுமே நினைத்தல் நம்மவர் வழக்கம். வாக்களித்தலோடு குடிமகனின் கடமை முடிந்துவிடுமோ? இவ்வினாவுக்கு இலங்கையின் கிராமக் குழுக்களின் வரலாறு தக்க விடை தருகின்றது.

முற்காலத்திற் குளங்களைப் பேணுதல் ஊராரின் கூட்டுக் கடமையாயிருந்தது. 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் எனும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. மக்கள் பெற்ற விடுதலை பெரிதே. எனினும், அணை கட்டவும் வாய்க்கால் திருத்தவும் ஊரைக் கூட்டும் முறையும் அதனோடு தளர்ந்தது. குளங்கள் பல பழுதுற்றன. இக்குறையை நீக்கத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வயலுடையோர் கூடிப் பழைய வழக்கங்களை ஏற்று, அவற்றை விதிகளாக நடைமுறைப்படுத்த அஃது இடமளித்தது. 1871ஆம் ஆண்டின் கிராம சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமக் குழுக்களின் பணியைப் பாதை, கிணறு முதலிய பொதுக் கருமங்களுக்கும் விரித்தது.

சுதந்திரத்தின் பின், பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தாற் பயிர்ச்செய்கைக் குழுக்கள் தோன்றின. அவற்றின் உறுப்பினரை உழவரே தெரிவு செய்தனர். 1973ஆம் ஆண்டின் சட்டமோ அத்தெரிவை நீக்கி, நியமனத்தை அமைச்சரிடம் ஒப்படைத்தது. குழு என்ற பெயர் நின்றது. உழவருக்கு மறுமொழி கூறும் பொறுப்பு நின்றிலது. நியமிப்பவர் எவரோ அவர் முகத்தையே நியமனம் பெற்றவர் நோக்குவர் என்பது இதனாற் பெறப்படும்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. சபைக்கு ஆலோசனை கூறும் குழுக்களில், உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ள அது வகை செய்கின்றது. இறுதித் தீர்மானம் சபையினதே; நியமனமும் சபையினதே. ஆதலின், தகுதியுடையோர் ஒதுங்கி நிற்பின் அவ்விடங்கள் வெறுமையாகும். அன்றேல் வேண்டியவர்க்கு வழங்கும் வரிசையாகும்.

எந்த மதகு எந்த மாரியில் அடைபடும் என்பதை அயலிலுள்ள குடியானவன் அறிவான். அவ்வறிவு திண்ணைப் பேச்சாகக் கழியாது, எழுத்து வடிவில் குழுவின் முன் வைக்கப்படல் வேண்டும். கற்றோர் செய்யத்தக்க பணி இதுவே. மாணவர்காள்! நாளை உங்கள் ஊர்ச் சபை அத்தகைய குழுவை அமைக்குங்கால், அதில் அமரத் தக்கவர் இன்னார் என ஊரார் கூடி எடுத்துரைக்க முன்னில்லுங்கள். குழு அமைக்கப்படாவிடின், அமைக்குமாறு கேளுங்கள். கேளாத உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.