தரங்கம்பாடி லுத்தரன்களும் வேதத்தின் நோக்கமும்

சாகணில் தங்கியபடி தரங்கம்பாடி அச்சு வரலாறு குறித்த குறிப்புகளைத் தொகுத்துவருகிறேன். அதனிடையே எழுந்த ஒரு கருத்தை ஆய்வு நண்பர்களின் பார்வைக்கு வைக்கிறேன்.

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஒரு கத்தோலிக்க மறைக்கல்வி நூல். விவிலியத்தின் பகுதிகள் தமிழில் அச்சேறியதோ 1714இல், லுத்தரன்களின் தரங்கம்பாடியில். 136 ஆண்டு இடைவெளிக்கு அச்சக வசதி மட்டுமே காரணமன்று. வேதம் எதற்கு என்பதில் இருந்த இறையியல் வேறுபாடும் ஒரு காரணம்.

லுத்தரன் மரபில் வேதம் இருவகையாகப் பேசுகிறது. நியாயப்பிரமாணம் மனிதனுக்கு அவன் பாவத்தை உணர்த்துகிறது. சுவிசேஷம் கிறிஸ்துவின் வழியாகக் கிடைக்கும் மன்னிப்பை அறிவிக்கிறது. கிறிஸ்துவை முன்னிறுத்துவதே வேதத்தின் பணி. இந்த அளவுகோலைக் கொண்டே லுத்தர் 1522இல் யாக்கோபின் நிருபத்தைக் குறைத்து மதிப்பிட்டார். விசுவாசம் வசனத்தைக் கேட்பதால் பிறக்கிறது என்றால், கேட்பவருக்குப் பொருள் விளங்கியாக வேண்டும்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கின் செயல்கள் இதிலிருந்தே கிளைத்தன. 1708இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். 1715க்குள் அது முழுமையாக அச்சானது. லுத்தரின் ஞானோபதேசமும், சிறுமியருக்கும் இடமளித்த பள்ளிகளும் அதே நோக்கத்தின் கருவிகள்.

அவர் தேர்ந்த நடை மக்கள் வழக்கை ஒட்டியது. வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ நூலில் அத்தமிழைக் கடுமையாகச் சாடினார். இதனை நடை பற்றிய பூசலாகவே நாம் பெரும்பாலும் வாசிக்கிறோம். வேதம் யாரிடம், எதற்காகச் சேர வேண்டும் என்ற வினாவும் அதனுள் இருப்பதாகக் கருதுகிறேன். மாமுனிவரின் குறைகூறல் மொழியளவில் பொருளற்றதன்று. லுத்தரன்களே பின்னர் தம் பெயர்ப்பைத் திருத்தினர். பப்ரிசியஸ் சென்னையில் பல்லாண்டுகள் உழைத்துப் புதிய பெயர்ப்பை உருவாக்கினார். கற்றோருக்கும் கல்லாதோருக்கும் வாசித்துக்காட்டிச் சொற்களைத் தேர்ந்தார். 1791இல் அவர் மறைந்தபின், 1796இல் பழைய ஏற்பாட்டின் அச்சுப்பணி நிறைவுற்றது.

1871இல் ஹென்றி பவர் தலைமையிலான ஐக்கியத் திருப்புதல் வெளிவந்து பிற சீர்திருத்தச் சபைகளில் பரவியது. தமிழ் லுத்தரன்கள் பப்ரிசியஸின் பெயர்ப்பை நெடுங்காலம் கைவிடவில்லை. விளங்க வேண்டும் என்பதற்காகவே உருவான நடை, தலைமுறைகளின் செவிப்பழக்கத்தால் புனித ஒலியாகிவிட்டது. விளக்கத்தை முதன்மையாகக் கொண்ட ஒரு சபை ஒலியைப் பற்றிக்கொண்ட இந்த மாற்றத்தைப் பிடிவாதம் என்று கடந்துவிடக் கூடாது. மொழிபெயர்ப்பு வரலாற்றை எழுதும் நாம், கேட்டவர்களின் வரலாற்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.