புதுச்சேரிப் பல்கலைக்கழகக் கல்விச் செலவும் நிதி உதவியும்

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட நடுவண் பல்கலைக்கழகம் ஆகும். இதன் முதன்மை வளாகம் புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள காலாப்பட்டில் அமைந்துள்ளது. இங்குப் பயிலும் மாணவர் ஒருவருக்கு ஆகும் மொத்தச் செலவு, அதில் அவர் திருப்பித் தரத் தேவையில்லாத உதவிகள், அவை போக எஞ்சும் நிகரச் செலவு, அதை ஈடுகட்ட வாங்கப்படும் கல்விக் கடன் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து நடைமுறை அளவிலும், 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுக்கு மாறியது. பல்கலைக்கழகம் தோன்றும் வரை இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற வெளிப் பல்கலைக்கழகங்களோடு இணைக்கப்பட்டிருந்தன. புதிய பல்கலைக்கழகத்தின் ஆள்வரை புதுச்சேரி, இலட்சத்தீவுகள், அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய யூனியன் பிரதேசங்களுக்கு உரியது. 2022 முதல் இங்கு நடுவண் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறுகிறது. இதனால் உள்ளூர் மாணவரும் தொலைதூர மாநில மாணவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். கட்டணம் ஒன்றாக இருந்தாலும் இவ்விருவரின் செலவு ஒன்றாக இருப்பதில்லை.

கட்டணமும் மொத்தச் செலவும்

நடுவண் பல்கலைக்கழகங்களின் செலவில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழக மானியக் குழு வழியே நடுவண் அரசு ஏற்கிறது. தனியார் நிறுவனங்களை விட இங்குக் கட்டணம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். எனினும் கட்டணம் மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. விடுதி வாடகை, உணவு, போக்குவரத்து, நூல்கள், தேர்வுக் கட்டணம், ஊருக்குச் சென்றுவரும் பயணம் ஆகியவையும் சேர்ந்ததே மொத்தச் செலவு. இவற்றுள் ஒன்று உயர்ந்தாலும் ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரும் சுமையாகிறது. 2020 பெப்ரவரியில் கட்டண உயர்வைத் திரும்பப் பெறக் கோரி இப்பல்கலைக்கழக மாணவர்கள் போராட்டம் நடத்தினர்.

நிகரச் செலவு

மொத்தச் செலவிலிருந்து, திருப்பித் தரத் தேவையில்லாத உதவிகளைக் கழித்தால் கிடைப்பது நிகரச் செலவு ஆகும். உதவித்தொகை, கட்டண விலக்கு, ஆய்வு நல்கை ஆகியவற்றைக் கழிக்கலாம். கடனைக் கழிக்கக் கூடாது. கடன் செலவைக் குறைப்பதில்லை. அதைப் பிற்காலத்துக்குத் தள்ளி வட்டியையும் சேர்க்கிறது.

கணக்கை விளக்குவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு (இவை பல்கலைக்கழகத்தின் உண்மைக் கட்டணங்கள் அல்ல):

- கட்டணங்கள்: ஆண்டுக்கு ரூ. 35,000
- விடுதியும் உணவும்: ரூ. 60,000
- நூல்கள், பயணம், பிற: ரூ. 25,000
- மொத்தச் செலவு: ரூ. 1,20,000
- உதவித்தொகை: ரூ. 20,000
- நிகரச் செலவு: ரூ. 1,00,000

இதே மாணவர் தம் வீட்டிலிருந்தே வந்து படிப்பவராயின் விடுதிச் செலவு நீங்கி, நிகரச் செலவு ரூ. 40,000 ஆகக் குறையும். பொதுப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தை விட வாழ்க்கைச் செலவே பெரிதாக அமையக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

அமெரிக்காவில் கல்லூரிகள் தம் இணையத்தளத்தில் நிகரச் செலவுக் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டக் கட்டாயம். இந்தியாவில் இத்தகைய கட்டாயம் இல்லாததால் மாணவரும் பெற்றோருமே இக்கணக்கைப் போட வேண்டியுள்ளது.

திருப்பித் தரத் தேவையில்லாத உதவிகள்

- நடுவண் துறை உதவித்தொகை: 12-ஆம் வகுப்பில் தம் கல்வி வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டினருள் வந்தவர்களுக்கு உரியது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 4.5 இலட்சத்துக்கு மிகக்கூடாது. இளநிலையில் ஆண்டுக்கு ரூ. 12,000, முதுநிலையில் ரூ. 20,000 வழங்கப்படுகிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள் உள்ளன.
- பட்டியல் சாதியினருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை: பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ. 2.5 இலட்சத்துக்கு உட்பட்டோருக்குக் கட்டாயக் கட்டணங்களும் ஒரு கல்விப்படியும் வழங்கப்படும். விடுதி மாணவருக்கான படி, வீட்டிலிருந்து வருபவருக்கானதை விடக் கூடுதல்.
- ஆய்வு நல்கை: நடுவண் பல்கலைக்கழகங்களில் தேசியத் தகுதித் தேர்வு வழி நல்கை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் ரூ. 8,000 வழங்கப்படுகிறது. இளநிலை ஆய்வு நல்கை 2023 சனவரி முதல் மாதம் ரூ. 37,000 ஆக உயர்த்தப்பட்டது.

நடுவண் அரசின் பெரும்பாலான உதவித்தொகைகளுக்குத் தேசிய உதவித்தொகை இணையவாசல் வழியே விண்ணப்பிக்க வேண்டும். சில திட்டங்களை ஒருசேரப் பெற இயலாது. எனவே விதிகளைப் படித்துப் பெரிய தொகையைத் தேர்வது நன்று. கட்டணத்தைச் சேர்க்கையின்போதே செலுத்த நேரலாம். உதவித்தொகை பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். இந்த இடைவெளிக்குத் தேவையான பணத்தையும் குடும்பம் திட்டமிட வேண்டும்.

கல்விக் கடன்

இந்திய அரசு 1963-இல் வட்டியில்லாத் தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்றைய வங்கிக் கடன் முறைக்கு அடிப்படை, இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டமாகும். இதன் முதன்மைக் கூறுகள்:

- படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. அக்காலத்துக்குத் தனி வட்டி கணக்கிடப்படும்.
- அதன்பின் 15 ஆண்டுகள் வரை மாதத் தவணையாகத் திருப்பிச் செலுத்தலாம். முன்கூட்டியே அடைத்தால் தண்டத்தொகை இல்லை.
- படிக்கும் காலத்திலேயே வட்டியைச் செலுத்தி வந்தால் 1 விழுக்காடு வட்டிச் சலுகை தரப்படலாம்.
- பெற்றோர் இணைக் கடனாளியாகச் சேர்க்கப்படுவர். எனவே தவணை தவறினால் மாணவரோடு பெற்றோரின் கடன் வரலாறும் பாதிக்கப்படும்.

2024 நவம்பர் 6 அன்று நடுவண் அமைச்சரவை பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நடுவண் அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்கள் இதில் அடங்கும். சொத்து ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் பெற இது வழிசெய்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 8 இலட்சம் வரை உள்ளோருக்கு, ரூ. 10 இலட்சம் வரையிலான கடனில், தவணை விலக்குக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியம் கிடைக்கும். ஆனால் இம்மானியம் ஆண்டுக்கு ஓர் இலட்சம் மாணவருக்கே உரியது. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறத் தகுதி உடையவருக்கு இது கிடையாது. வருமானம் ரூ. 4.5 இலட்சத்துக்கு உட்பட்டுத் தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பக் கல்வி பயில்வோருக்கு, 2009-10 முதல் நடைமுறையில் உள்ள தனித் திட்டத்தின்கீழ் அக்கால வட்டி முழுவதையும் அரசே ஏற்கிறது. தமிழ், வரலாறு போன்ற பொதுப் படிப்புகள் இதில் அடங்கா.

கடன் வளரும் முறை

மேற்கண்ட எடுத்துக்காட்டில் வரும் விடுதி மாணவர், இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ரூ. 1,00,000 கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு, மானியம் இல்லை.

முதல் தொகைக்கு மூன்று ஆண்டு வட்டி ரூ. 30,000, இரண்டாம் தொகைக்கு இரண்டு ஆண்டு வட்டி ரூ. 20,000. ஆகவே முதல் தவணை தொடங்கும் முன்பே ரூ. 2,00,000 கடன் ரூ. 2,50,000 ஆகிவிடுகிறது. இதனை,

- 5 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 5,312, மொத்தம் ஏறத்தாழ ரூ. 3,18,700.
- 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 3,304, மொத்தம் ஏறத்தாழ ரூ. 3,96,450.

மாதத் தவணை குறைவதற்காகக் காலத்தை நீட்டினால் ஏறத்தாழ ரூ. 77,700 கூடுதலாகச் செல்கிறது. மாறாக, படிப்பில் சேரும் முன் ஆண்டுக்கு ரூ. 20,000 கூடுதல் உதவித்தொகை கிடைக்குமாயின் ரூ. 40,000 கடன் தவிர்வதோடு அதற்கான வட்டியும் தவிர்கிறது. பத்தாண்டுக் கணக்கில் இதன் மதிப்பு ஏறத்தாழ ரூ. 79,300 ஆகும்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

ஆசுதிரேலியாவில் 1989-இல் அறிமுகமான முறையில், பட்டதாரியின் வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பிறகே கல்விக் கடன் வசூலிக்கப்படுகிறது. இங்கிலாந்திலும் இத்தகைய முறை உள்ளது. இந்திய வங்கிக் கடனில் தவணை வருமானத்தைச் சார்ந்ததன்று. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குறித்த நாளில் தவணை தொடங்கும். வேலை கிடைக்கக் காலம் பிடிக்கும் படிப்புகளைத் தேர்வோர், கடன் தொகையை நிகரச் செலவுக்குள் நிறுத்திக்கொள்வது இதனால் முதன்மை பெறுகிறது. வங்கி ஒப்புதல் அளிக்கும் உச்ச அளவு முழுவதையும் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.