வீரனின் பக்கத்தில் ஒரு விதூஷகன்

சித்திரக்கதைகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மாவீரர்களின் பராக்கிரமங்களையே விஸ்தாரமாகச் சொல்லிச் செல்வர். அவ்வீரர்களின் பின்னால் தடுக்கி விழுந்தும், பசியென்று புலம்பியும், கொச்சை பேசியும் வாசகரைச் சிரிக்க வைத்த தோழர்களுக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் ஒதுக்குவதில்லை. ஆயினும் ஒரு காலத்து ஜனங்கள் யாரைக் கண்டு சிரித்தார்கள், யாரைக் கண்டு சிரிப்பது தங்களுக்கு உரிமை என்று எண்ணியிருந்தார்கள் என்பதை அறிய விரும்புவோருக்கு, வீரனைக் காட்டிலும் அவன் பக்கத்தில் நின்ற கோமாளியே நம்பத்தக்க சாட்சி.

இந்தப் பாத்திரம் அமெரிக்கர் கண்டுபிடித்த ஒன்றன்று. சமஸ்கிருத நாடகங்களான சாகுந்தலத்தில் துஷ்யந்தனுக்கு மாதவ்யனும், மிருச்சகடிகத்தில் சாருதத்தனுக்கு மைத்ரேயனும் விதூஷகர்களாகத் துணை நின்றார்கள். நாயகன் சமஸ்கிருதத்தில் காதலையும் தர்மத்தையும் பேச, விதூஷகனோ பிறப்பால் பிராமணனாயிருந்தும் பிராகிருதத்தில் தின்பண்டங்களைப் பற்றிப் பேசினான். மட்டக்களப்புப் பிரதேசத்துக் கூத்துகளின் வட்டக்களரியிலும் இதே முறைதான்: கிரீடமும் வில்லுடையுமாக வரும் ராஜா விருத்தமும் தருவும் பாடுவான், கட்டியகாரனோ கோமாளியோ ஊரார் வீட்டில் பேசும் தமிழில் பதில் சொல்லி, ராஜாவையும் சபையையும் ஒருங்கே கேலி செய்வான். அந்தக் கேலிக்கு ராஜா கோபித்துக்கொள்வதில்லை. அது கோமாளிக்கு வழிவழியாக வந்த பாத்தியதை.

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு சூப்பர்மேன் தோன்றியபோதும், மறு ஆண்டில் பேட்மேன் தோன்றியபோதும், அவர்கள் தனியர்களாகவே வந்தார்கள். தனியே நிற்கும் வீரனுக்குத் தன் எண்ணத்தைச் சொல்ல ஆள் இல்லை. அவனைப் பார்த்து வியக்கவும் பயப்படவும் சந்தேகப்படவும் பக்கத்தில் ஒரு சாமானிய மனிதனும் இல்லை. ஆகவே அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு தோழன் வாய்த்தான். 1941இல் கிரீன் லான்டர்னுக்கு டொய்பி டிக்கிள்ஸ் என்னும் குள்ளமான டாக்சிக்காரன் வந்தான். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதிக் கொச்சையே அவன் பேச்சு. மறு ஆண்டில் வொண்டர் வுமனுக்கு எட்டா கேண்டி என்னும் பருத்த தோழி வந்தாள். கையில் மிட்டாயுடன் திரிந்த அவள், ஆபத்து நேர்ந்தால் கல்லூரித் தோழியர் பட்டாளத்தையே திரட்டிக்கொண்டு சண்டைக்குப் புறப்படுவாள்.

இவ்வரிசையில் என் மனத்துக்கு மிக உகந்தவன், ஜாக் கோல் என்னும் சித்திரக்காரர் 1942இல் பிளாஸ்டிக் மேனுக்குத் துணையாகப் படைத்த வூசி விங்க்ஸ். பச்சை நிறத்தில் கரும்புள்ளிகள் இட்ட சட்டையும், வைக்கோல் தொப்பியும், பானை வயிறுமாகத் தோன்றும் இவன், நீரில் மூழ்கவிருந்த ஒரு மந்திரவாதியைக் காப்பாற்றியதற்குப் பிரதியாக, இயற்கையே தன்னைக் காக்கும் என்ற வரத்தைப் பெறுகிறான். அந்த வரத்தைக் கொண்டு நல்லவனாவதா, கள்வனாவதா என்று தீர்மானிக்க ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்க்கிறான். நாணயம் களவின் பக்கம் விழுகிறது. அவனைப் பிடிக்க வருவோரை இயற்கையே தடுத்து நிற்க, எப்படியும் வளையவல்ல பிளாஸ்டிக் மேனே செய்வதறியாது திகைக்கிறான். வீரனைத் தோற்கடித்துவிட்டுப் பிற்பாடு அவனுக்கே தோழனாகும் பெருமை வேறெந்தக் கோமாளிக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

ஆனால் எல்லாக் கோமாளிகளும் இவ்விதம் கௌரவமாகப் படைக்கப்படவில்லை. 1940இல் வில் ஐஸ்னர் தொடங்கிய 'ஸ்பிரிட்' கதைகளில் எபனி வைட் என்னும் கறுப்பினச் சிறுவன், தடித்த உதடும் உருண்ட விழியுமாக, பரிகாசத்துக்காகவே கோணலாக்கப்பட்ட பேச்சுடன் உலவினான். பிளாக்ஹாக் என்னும் விமானப் படையினரின் கதையில் சீனச் சமையற்காரன் ஒருவன் இதே கதிக்கு ஆளானான். கப்டன் மார்வெல் கதைகளிலோ ஸ்டீம்போட் என்னும் கறுப்பினப் பணியாளன் 1942 முதல் சிரிப்பு மூட்டும் கருவியாக நிறுத்தப்பட்டான். இவர்களில் டொய்பியைப் போன்ற ஒரு தனி மனிதனைக் கண்டு வாசகர் சிரிக்கவில்லை. ஓர் இனத்தையே கண்டு சிரித்தார்கள்.

ஸ்டீம்போட்டின் முடிவு சித்திரக்கதை உலகில் அபூர்வமான ஒரு சம்பவம். 1945இல் நியூயோர்க் நகரப் பாடசாலை மாணவர் சிலர் குழுவாக, அக்கதைகளை வெளியிட்ட பத்திரிகையின் காரியாலயத்துக்கே சென்று, ஆசிரியரான வில் லீபர்சனிடம் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தார்கள். வெள்ளையரையும் நாங்கள் ஹாஸ்யமாகத்தானே வரைகிறோம் என்று ஆசிரியர் சமாதானம் கூறினார். அதற்கு அப்பிள்ளைகள் சொன்ன பதிலின் சாரம் இது: வெள்ளையரில் வீரரும் உண்டு, துஷ்டரும் உண்டு, கோமாளியும் உண்டு, கறுப்பினத்தாருக்கோ இக்கதையில் இந்த ஒரு கோமாளியைத் தவிர வேறு எவருமில்லை. ஆசிரியரிடம் மறுமொழி இல்லை. ஸ்டீம்போட் கதையிலிருந்து நீக்கப்பட்டான். ஹாஸ்யத்தின் நியாயத்தைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதிய நூல்களில்கூட இத்தனை தெளிவான பிரமாணத்தை நான் கண்டதில்லை.

வேறு சில கோமாளிகள் நீக்கப்படாமல் உருமாறினார்கள். பேட்மேனின் வீட்டுப் பணியாளரான ஆல்பிரட் 1943இல் முதன்முதலாக வந்தபோது, துப்பறிவாளனாக வேண்டுமென்ற ஆசையோடு இடறித் திரியும் பருத்த மனிதராகவே இருந்தார். அதே ஆண்டில் வெளிவந்த தொடர்திரைப்படத்தில் வில்லியம் ஆஸ்டின் என்னும் மெலிந்த நடிகர் அப்பாத்திரத்தை ஏற்கவே, சித்திரக்கதைக்காரர் ஆல்பிரட்டை ஓர் ஆரோக்கிய நிலையத்துக்கு அனுப்பி, மறு ஆண்டில் மெலிந்த உடலும் மீசையுமாகத் திரும்பி வரச் செய்தார்கள். மந்திரவாதி மாண்ட்ரேக்கின் துணைவனான லொதார் 1934இல் அறிமுகமானபோது, ஆப்பிரிக்க இளவரசனாயிருந்தும் அரைகுறை ஆங்கிலம் பேசும் ஏவலாளாகவே காட்டப்பட்டான், 1965இல் பிரெட் பிரெடரிக்ஸ் சித்திரம் வரையும் பொறுப்பை ஏற்ற பின்னரே அவன் பேச்சு திருந்தியது, உடையும் மாறியது.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் கரையோரப் பாதையில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த எமது பாலமுனைக்கு இந்த விவகாரத்தில் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். 1972இல் சிவகாசியில் 'இரும்புக்கை மாயாவி'யோடு பிறந்த முத்து காமிக்ஸ் இலங்கை வாசகர்களின் கைகளுக்கும் வந்து சேர்ந்தது. மாண்ட்ரேக்கும் லொதாரும் தமிழ் பேசினார்கள். தமிழில் வந்தபோது லொதாரின் ஆங்கிலக் கொச்சையைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. ஆனால் கொச்சை பேசுவோனே கோமாளி என்னும் விதி தமிழ் மேடைக்கும் வானொலிக்கும் நன்கு பழகிய ஒன்று. எழுத்துத் தமிழ் நாயகனுக்கு, ஊர்த் தமிழ் நகைச்சுவைக்கு என்ற பாகப்பிரிவினையில், கிழக்கிலங்கை முஸ்லிம்களாகிய நாம் 'வாப்பா', 'உம்மா', 'காக்கா' என்று பேசும் தமிழ் எந்தப் பக்கம் விழும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

இவ்விஷயத்தில் இலங்கை வானொலி ஒரு முன்மாதிரியைக் காட்டியது. 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் தொடரிலும், அதனின்று எழுந்து 1976இல் திரைக்கு வந்த 'கோமாளிகள்' படத்திலும், முஸ்லிம் வியாபாரியான மரிக்காராக எஸ். ராமதாஸ் நடித்தார், யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், தமிழைச் சிங்கள வாடையோடு பேசும் உபாலியாக எஸ். செல்வசேகரனும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும் நடித்தார்கள். இந்துவொருவர் மரிக்காராகவும், முஸ்லிமொருவர் ஐயராகவும் வேஷமிட்டமை மட்டும் இதன் விசேஷமன்று. நால்வரும் கோமாளிகள், நால்வரும் ஒருவர் பேச்சை மற்றவர் பரிகசித்தார்கள், தனியே ஒருவர் தலையில் மட்டும் சிரிப்பின் பாரம் விழவில்லை. ராமதாஸ் இறுதிவரை 'மரிக்கார்' ராமதாஸ் என்றே அழைக்கப்பட்டார் என்றால், அப்பாத்திரத்தை ஜனங்கள் அவமதிப்பாகக் கொள்ளாமல் ஆதரித்தார்கள் என்பதே பொருள்.

அமெரிக்கச் சித்திரக்கதையும் நெடுங்காலத்துக்குப் பின் இந்த நிலையை எட்டியது. 2014இல் மார்வெல் நிறுவனம் கமலா கான் என்னும் பாகிஸ்தானிய வம்சாவளி முஸ்லிம் சிறுமியை 'மிஸ் மார்வெல்' என்ற பெயரில் நாயகியாக்கித் தனித் தொடர் வெளியிட்டது. ஹாஸ்யமும் வீரமும் அவளிடமே ஒன்றாயின. பள்ளிவாசலையும் பெற்றோரின் கண்டிப்பையும் பற்றி அவள் சொல்லும் கேலி, தன் வீட்டாரை உள்ளிருந்து அறிந்த பிள்ளையின் கேலி.

நம் பிரதேசத்தில் சிறுவர்க்குக் கதை எழுதுவோரும், பாடசாலை மேடைக்கு நாடகம் அமைப்போரும் அந்த நியூயோர்க் மாணவர்களின் வாதத்தை மனத்திற் கொள்வார்களாக. மீனவனையும், வட்டிக்காரனையும், மலையகத்துப் பெண்ணையும், நம் அயலூர்த் தமிழரையும் சிரிப்புக்குரியவராகச் சித்திரிப்பதில் குற்றமில்லை. ஆனால் அதே கதையில் அவர்களில் ஒருவர் வீரராகவும், மற்றொருவர் அறிவாளியாகவும் இருக்கட்டும். கோமாளிக்கு நாயகனைக் கேலி செய்யும் பாத்தியதையும் இருக்கட்டும். அவ்வுரிமையை மறுத்துவிட்டு எழுப்பும் சிரிப்பு, எத்தனை பலமாக ஒலித்தாலும், ஹாஸ்யமாகாது.