பாகமே அலகு: பழைய இத்தாலியச் சட்ட நூல்களைப் பட்டியலிடும் முறை

16-ஆம் நூற்றாண்டில் வெனிஸில் அச்சான சட்ட நூலை ‘ஆசிரியர், தலைப்பு, ஆண்டு’ என்ற மூன்று கட்டங்களுக்குள் அடக்கிவிட முடியாது. 1357-இல் பெருஜியாவில் மறைந்த சட்ட அறிஞர் பார்தோலோவின் உரைகளே இதற்குச் சான்று. ரோமச் சட்டத் தொகுப்பின் பகுதிவாரியாக அவை பெரிய ஃபோலியோ பாகங்களாக வெளிவந்தன. பாகந்தோறும் தனித் தலைப்புப் பக்கம் உண்டு. உரையோடு பிற்கால அறிஞர்கள் சேர்த்த குறிப்புகளும் இருக்கும். பொருளகராதியைத் தொகுத்தவர் வேறொருவர். பாகங்கள் தனித்தனியாகவும் கைமாறியதால், இன்று அலமாரியில் ஒரே ‘செட்’டாக நிற்பவை பல சமயம் வெவ்வேறு பதிப்புகளிலிருந்து சேர்ந்தவை. முதல் பாகத்தின் ஆண்டை மட்டும் பார்த்து மொத்தத்துக்கும் ஒரே பதிவு எழுதினால், யாரும் அச்சிடாத ஒரு பதிப்பு பட்டியலில் முளைத்துவிடுகிறது.

ஆகவே பட்டியலின் அலகு, அச்சான பாகமாக இருக்க வேண்டும், படைப்பாக அல்ல.

இத்தாலியப் பட்டியலாளர்களிடம் இதற்கு ஏற்ற கருவி ஒன்று இருக்கிறது. ‘இம்ப்ரோந்தா’ எனப்படும் அதை நூலின் கைரேகை எனலாம். நூலின் முற்பகுதியில் விதிப்படி குறித்த நான்கு பக்கங்களில் கடைசி இரண்டு வரிகளிலிருந்து இரண்டிரண்டு எழுத்துகள் எடுக்கப்படும், மொத்தம் 16. எழுத்துகளைக் கையால் கோத்த காலம் அது. மறுபடி கோத்தால் வரி முறியும் இடம் நகரும், ரேகையும் மாறும். விற்காமல் தேங்கிய பழைய தாள்களுக்குப் புதிய தலைப்புப் பக்கம் போட்டு, புதிய ஆண்டும் குறித்து விற்றிருந்தால் ரேகை மாறாது, குட்டு வெளிப்பட்டுவிடும். வரிக்கு வரி ஒத்துக் கோத்த மறுபதிப்புகளில் மட்டும் இக்கருவி ஏமாற்றக்கூடும். அங்கே தாள் மடிப்புகளின் அடியிலுள்ள எழுத்துக் குறிகள் மேல்வரியின் எந்த எழுத்துகளுக்குக் கீழே நிற்கின்றன என்பதை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

ஆசிரியர் பெயரிலும் சிக்கல் உண்டு. பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ஷார்ல் து முலேன் திருச்சபையின் தடைக்கு உள்ளானவர். வட்டி பற்றிய அவரது நூல் 1570-களில் வெனிஸில் ‘காஸ்பர் கபல்லினுஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் உள்ளதை அப்படியே எழுதுவது பட்டியலாளரின் கடமைதான். ஆனால் இரு பெயர்களையும் இணைக்காமல் விட்டால், அன்றைய தணிக்கையின் வேலையை இன்றைய பட்டியல் தொடர்கிறது என்றே பொருள். தணிக்கையாளர் மைபூசி அழித்த வரிகள் படிக்குப் படி வேறுபடலாம் என்பதால், அவை அந்தந்தப் படிக்கான குறிப்பில் இடம்பெற வேண்டும்.

தேசிய எல்லைகளும் பார்வையை மறைக்கின்றன. ரோமிலிருந்து நடத்தப்படும் ‘எடித் 16’ கணக்கெடுப்பில், 1501 முதல் 1600 வரை இத்தாலியில் எம்மொழியிலும் அச்சானவையும், வெளிநாட்டில் இத்தாலிய மொழியில் அச்சானவையும் இடம்பெறுகின்றன. ஜூந்தா குடும்பத்தார் வெனிஸிலும் பிரான்சின் லியோனிலும் அச்சுத் தொழில் நடத்தினர். அவர்களது லியோன் கிளையின் லத்தீன் சட்ட நூல்கள் இக்கணக்கில் வருவதில்லை. அடுத்த நூற்றாண்டுக்கு டக்ளஸ் ஆஸ்லர் 2009-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இத்தாலியச் சட்ட நூல்களின் கணக்கெடுப்பு கைகொடுக்கிறது.

பாகந்தோறும் பதிவு எழுத நேரமும் பணமும் ஏது, பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் இட்டால் போதாதா என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் படம், தேடுபவர் நூலை அடைந்த பிறகே உதவும். குறிப்பு சேர்த்தவரின் பெயர் பதிவில் ஏறாதவரை, அவரைத் தேடுபவர் அந்தப் படத்தை அடையப் போவதில்லை. எல்லாவற்றையும் உடனே செய்ய இயலாத நூலகங்கள், பாகவாரியாக ஆண்டு, பதிப்பாளர், ரேகை, குறிப்பாசிரியர் ஆகிய நான்கையாவது முதலில் பதிவு செய்ய வேண்டும்.