வழக்காட வந்த மாமன்

காது குத்தும்போது குழந்தையை யார் மடியில் உட்கார வைப்பது என்று நம்மூரில் யாரும் கேட்பதில்லை. தாய்மாமன் மடிதான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டு மாமன் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். இந்த உறவுக்கு நம் இலக்கியத்தில் ஒரு நல்ல சாட்சியம் உண்டு.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள 64 திருவிளையாடல்களில் ஒன்று, மாமனாக வந்து வழக்குரைத்தது. மதுரை வணிகன் தனபதிக்குப் பிள்ளையில்லை. தங்கை மகனைத் தன் மகனாக வளர்க்கிறான். ஒருநாள் தங்கை அந்தக் குறையைக் குத்திக்காட்ட, மனம் நொந்து, சொத்தை மருமகனுக்கு விட்டுவிட்டுத் தவத்துக்குப் போய்விடுகிறான். தாயாதிகள் சொத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவள் கோயிலில் போய் அழ, சொக்கநாதர் தனபதி உருவில் வந்து, பையனைக் கட்டிக்கொண்டு அழுது, சபையேறி வழக்கை வென்று கொடுக்கிறார்.

ஆண்வழிப் பங்காளிகளே சொத்துக்கு உரியவர்கள் என்றிருந்த சமூகத்தின் கதை இது. அங்கே பிள்ளைக்காகப் பேச மாமன்தான் வேண்டியிருந்தது. கிறித்தவர்களின் ஞானத்தந்தையும் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காக வாய் திறப்பவர்தானே!

எனக்கும் பிள்ளையில்லை. குத்தல் பேச்சும் கேட்டதுண்டு. போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள்: “மாமா, எனக்கு இன்ஜினியரிங் வேணாம். அப்பாகிட்ட நீங்களே பேசுங்க.” போய்ப் பேசினேன், தோற்றுத்தான் திரும்பினேன். ஆனாலும் என்னைத்தானே கூப்பிட்டாள்! அடுத்த வாய்தாவுக்கு மறுபடி போகணும்.