பிள்ளைகளுக்கு மது கொடுத்தல் பற்றிய இங்கிலாந்துச் சட்டங்கள்

5 வயது நிறையாத குழந்தைக்கு மது கொடுப்பது இங்கிலாந்தில் குற்றம். அந்த வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பெற்றோர் வீட்டில் மது கொடுப்பதைத் தனிச்சட்டம் எதுவும் தடுக்கவில்லை. கடைக்காரரைக் கட்டுப்படுத்தப் பிறந்த சட்டங்கள் மெல்ல வீட்டு வாசலை எட்டிய வரலாறு இது.

தொடக்கம்

19ஆம் நூற்றாண்டில் அப்பாவுக்கு பீர் வாங்கிவரப் பிள்ளையை அனுப்புவது தொழிலாளர் குடும்பங்களில் அன்றாட வழக்கம். திறந்த கூஜாவில் பீரை ஏந்தி வரும் பிள்ளைகள் வழியில் இரண்டு மடக்கு குடிப்பதும் உண்டு. 1886ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குட்பட்டோர் கடையிலேயே குடிப்பதற்காக விற்பதைத் தடை செய்தது. வாங்கிச் செல்லும் வழக்கம் நீடித்தது. 14 வயதுக்குட்பட்டவரிடம் கொடுத்தனுப்பும் மது, தக்கை அடைத்து முத்திரையிட்ட கலத்தில்தான் இருக்க வேண்டும் என 1901ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

5 வயது வரம்பு

'குழந்தைகளின் சாசனம்' எனப் பெயர்பெற்ற 1908ஆம் ஆண்டுச் சட்டமே பெற்றோரையும் கட்டுப்படுத்தியது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு 3 பவுண்டு வரை அபராதம். மருத்துவர் சொன்னாலோ, நோயுற்றாலோ கொடுக்கலாம். பிராந்தியை மருந்தாக நம்பிய காலம் அது. 1851இல் நாட்டிங்காமில் உருவாகி, தமிழ்நாட்டு வீடுகளிலும் கைக்குழந்தைக்குப் புகட்டிய கிரைப் வாட்டரிலும் முன்பு ஆல்கஹால் இருந்தது. அதே சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை மதுக்கூடத்துக்குள் விடக்கூடாது என்றது. அதனால் அம்மா, அப்பா வெளியே வரும்வரை பிள்ளைகள் வாசற்படியில் காத்துக்கிடந்தார்கள்.

பின்னாளில்

நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினரான நான்சி ஆஸ்டர் கொண்டுவந்த மசோதா 1923இல் சட்டமாகி, மதுக்கூடங்களில் 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுத்தது. 1933ஆம் ஆண்டின் சிறார், இளையோர் சட்டம் 5 வயது வரம்பை அப்படியே ஏற்றது. இன்றும் அதுவே நடைமுறை. குழந்தையின் உடல்நலம் கெடும் அளவுக்கு மது கொடுத்தால், அச்சட்டத்தின் கொடுமைப் பிரிவு பாயலாம். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, 16, 17 வயதினர் பெரியவர் துணையோடு உணவகத்தில் சாப்பிடும்போது பீர், ஒயின், சைடர் அருந்தலாம். வாங்கித் தருபவர் பெரியவராக இருக்க வேண்டும்.

15 வயதுவரை மதுவே தொடாத குழந்தைப் பருவமே நல்லது என்று 2009இல் தலைமை மருத்துவ அதிகாரி லியம் டொனால்ட்சன் பெற்றோருக்கு அறிவுறுத்தினார். அது அறிவுரை மட்டுமே, சட்டம் அல்ல. எனவே 5 வயதுக்கு மேல் வீட்டுக்குள் பிள்ளையைக் காக்கும் முதல் பொறுப்பு, மதுக்குப்பியைத் திறக்கும் பெற்றோருடையதே.